பாதி ஜன்னல்

புல்வெளியில் நின்று பார்த்தால்
ஒரு குறை சொல்ல முடியாது.
கதவுக்கு இந்தப்பக்கம் நாலு ஜன்னல்,
அந்தப்பக்கம் நாலு.
சாமர்செட் வெயிலில்
நூல் பிடித்து நிற்கும் தேன்நிறக் கல்.

ஈரம் அளக்கப் போன நான்
உள்ளே தட்டிப் பார்த்தேன்.
கல் ஒரு சாண்தான்.
பின்னால் அதே பழைய மரவீடு,
கோணல் உத்தரம்,
குதிரைமயிர் கலந்த சுண்ணாம்பு.
அம்புரோஸ் ஹெக்ஸ்டிடம்
முகத்துக்கு மட்டும்தான் காசு இருந்திருக்கிறது.

அதனால் கடைசி ஜன்னலின் குறுக்கே
தளம் ஓடுகிறது
(வெளியே தெரியாதிருக்க அந்தப் பட்டைக்குக் கறுப்புச் சாயம்).
கீழ்ப்பாதி சாப்பாட்டு அறைக்கு.
மேல்பாதி வேலைக்காரி அறைக்கு,
முழங்கால் உயரம்.
அங்கே வெளிச்சம்
தரையிலிருந்து எழும்புகிறது.

மழை வருமா என்று பார்க்கக்
குப்புறப் படுக்க வேண்டும்.
படுத்தேன்.
கண்ணாடியின் அடிமூலையில்
கீறிய பெயர்: தாம்சின்.
கடைசி எழுத்து அவசரத்தில் வழுக்கியிருந்தது.

வைரம் இல்லாமல் இப்படிக் கீற முடியாது.
யாருடைய மோதிரம், தாம்சின்?
எத்தனை நிமிஷம் உன் விரலில் இருந்தது?

அறிக்கையில் எழுதினேன்:
சிறு கீறல்.
மாற்றத் தேவையில்லை.