எங்கள் குடிமகன் திரு காத்தமுத்து

அமைச்சு அனுப்பிய கடிதத்தின் நகலை
ஆலை பஸ்ஸில், பினாங்குப் பாலத்தின் பாதியில்,
கைப்பேசி வெளிச்சத்தில் திறந்தேன்.

"எங்கள் குடிமகன் திரு காத்தமுத்துவின்
உயிரைக் காத்தருளுமாறு
மேன்மை தங்கிய அதிபரைப்
பணிவுடன் வேண்டுகிறோம்."

காத்தமுத்து என் அப்பா.
ஆறு வருடம் முன்பு, பிறை சாலையில்,
கோழி லோரி அடித்து
ஆஸ்பத்திரி சேருமுன்பே முடிந்துபோனவர்.
அங்கே நாள் குறித்திருப்பது
அவர் மகனுக்கு.
என் தம்பி யோகேந்திரனுக்கு.

போன் போட்டேன்.
அதிகாரி ஹைருல் கெட்டவரில்லை,
நோன்பு திறக்கும் நேரத்திலும் எடுப்பவர்.
"அந்த நாட்டில் கடைசியில் வருவதுதான் பெயர், அக்கா.
பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறது.
திருத்தினால் மறுபடி மூன்று கையெழுத்து.
வெள்ளிக்கு நாலே நாள்."

அப்படியே போகட்டும் என்றேன்.

அப்பா போனார்.
நாடாளுமன்றத்தில் யாரோ எழுந்து
அவரைப் பற்றிக் கேட்டார்.
தூதர் கோட்டு மாட்டிக்கொண்டு
ஒரு மாளிகையின் வரவேற்பறையில்
அவருக்காக இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார்.
அமைச்சர் தொலைபேசியில் பதினோரு நிமிடம் பேசினாராம்.

சிவப்பு அடையாள அட்டையை
நீலமாக்கித் தாருங்கள் என்று
இருபத்தேழு வருடம்
பதிவுத்துறையில் எண் எடுத்துக் காத்திருந்த மனிதர்.
பிறப்புப் பத்திரம் இல்லை.
பிறந்த தோட்டமும் இல்லை, விற்றுவிட்டார்கள்.
ஒவ்வொரு முறையும்
வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார்.
திரும்பி வந்து அதை மடித்து வைப்பார்,
அடுத்த தடவைக்கு.

வியாழன் இரவு வேலை.
தூசியில்லா அறைக்குள் போன் கூடாது.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
நுண்ணோக்கியின் கீழே சில்லு சில்லாகப் பார்க்கிறேன்.
மயிரிழைக் கீறல் இருந்தால்
சிவப்புத் தட்டில் போடவேண்டும்.
இன்றைக்கு எதையும் போட மனம் வரவில்லை.
சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்று மணி இடைவேளை. லாக்கர்.
ஹைருலின் செய்தி:
காத்தமுத்து. நிறைவேற்றம் ஒத்திவைப்பு.
மறு தேதி பின்னர்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.
இருந்ததை இருந்தபடி வாசித்துவிட்டேன்,
பேரை மாற்றத் தோன்றவில்லை.

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அவுருதானா போனாரு?" என்றாள்.

பிறகு,
"பின்னர்னா எப்ப?"

மணி அடித்துவிட்டது.
கையுறையைத் தலைகீழாய் மாட்டி,
கழற்றி,
திரும்ப மாட்டிக்கொண்டேன்.