எடுத்துக் கொடுப்பவன்

சோஹார். இந்தியப் பள்ளியின் கூடைப்பந்துத் திடல்.
வெள்ளிக்கிழமை இரவு, பிசுபிசுக்கும் கடற்காற்று.
கம்பத்தில் கட்டிய கறுப்புத் துணிக்குப் பின்னால்
பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் பிரதி, தாடைக்கடியில் டார்ச்.
வசனம் விட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை.
பகலில் ஸ்டோர் கீப்பர்.
அதுவும் எடுத்துக் கொடுப்பதுதான்.

கதை நடப்பது நானூறு வருடத்துக்கு முன்னால்,
ஏதோவொரு கடலோர இத்தாலிய ஊரில்.
தியோஃபிலோ என்றொரு கணக்கன்
வால்நட்சத்திரம் ஆண்டவனின் சவுக்கில்லை,
அதற்கொரு பாதை உண்டு,
அறுபத்தொரு வருடத்தில் திரும்பி வரும் என்கிறான்.
பிஷப் அவனை மண்டியிடச் சொல்கிறார்.

பிஷப் வேஷத்துக்கு ஜெபராஜைத்தான் கேட்டோம்.
"எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்" என்று
லைட் போடப் போய்விட்டான்.
கிரேன் ஓட்டும் காஜா மைதீன் ஒப்புக்கொண்டார்.
ஒத்திகை நடுவே அட்டைக் கிரீடத்தை
என் மடியில் வைத்துவிட்டுப் போய்
இஷா தொழுது திரும்பி வந்து
விட்ட இடத்திலிருந்து கர்ஜிப்பார்.
சிலுவை பி.வி.சி. பைப். தங்க ஸ்ப்ரே.

விஞ்ஞானி மாசிலாமணி, கான்கிரீட் லேப்.
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்த கட்டிகளை
மெஷினில் வைத்து நசுக்கி
எதில் உடைகிறதென்று எழுதுகிறவர்.
ஒத்திகையில் மண்டியிடும்போதெல்லாம்
அவர் கை நடுங்கும், மை சிந்தும்.
வேடிக்கை பார்க்க வந்த மெஸ் சமையல்காரர்
"போதும்யா, விட்டுருங்கய்யா அவர" என்று
ஒருநாள் கத்தியேவிட்டார்.

போன செவ்வாய்,
ஆறாம் தளத்துக் கட்டிகள் மூன்று,
முப்பது தாங்க வேண்டியவை,
பத்தொன்பதில் பொடிந்தன.
தும்மல் அளவுக்குத்தான் சத்தம். ஸ்டோரில் கேட்டது.
மதியம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.
யாரும் கர்ஜிக்கவில்லை.
ஏ.சி. அறை, சுலைமானி டீ, இரண்டு பிஸ்கட்,
விசா புதுப்பிக்கிற மாதம் எது என்றொரு விசாரிப்பு.
வெளியே வந்தபோது
அவர் கையிலிருந்த தாளில்
முப்பத்தொன்று என்றிருந்தது.

இன்றிரவு
மண்டியிட்டார். காஜா பேனாவை நீட்டினார்.
நடுங்க வேண்டிய கை நடுங்கவில்லை.
சரக்கென்று போட்டுவிட்டு
கீழே தேதியும் போட்டார்.
பிரதியில் தேதி கிடையாது.

"என்னங்க, லீவு ஃபார்ம்ல போடுற மாதிரி போடுறாரு"
முன்வரிசையில் யாரோ.

அடுத்து அவர் எழ வேண்டும்.
சனங்களைப் பார்த்து ஒரே ஒரு வரி:
அறுபத்தோராம் வருடம் அண்ணாந்து பாருங்கள்.

எழுந்தார். பார்த்தார்.
"அறுபத்தோராம்" என்றேன்.
கொஞ்சம் சத்தமாக, "அறுபத்தோராம் வருடம்."
மூன்றாம் முறை என் பக்கம் திரும்பினார்.
மறந்தவன் முகம் எனக்குத் தெரியும்,
கண் மேலே போகும், உதடு துழாவும்.
இவர் என்னை நேராகப் பார்த்தார்.

அப்போது சிவப்பு அங்கி அசைந்தது.
பிஷப் ஓரடி முன்னால் வந்து
கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
எண்பது அடி உயரத்திலிருந்து கீழே சொல்லும்
அதே குரலில் சொன்னார்:
"அறுபத்தோராம் வருடம்
அண்ணாந்து பாருங்கள்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.
முடிவை மாற்றியது அபாரம் என்று
சங்கத் தலைவர் இயக்குநரின் முதுகில் தட்டினார்.
இயக்குநர் மறுக்கவில்லை.
"ஏன்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன்.
காஜா அங்கியின் ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.
"தெரியல மாப்ள.
அந்தரத்துல நின்னுச்சு. எறக்கி வைக்கணும்ல."

கேம்ப் பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும்.
ஒன்பதாம் தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்,
விளக்கு எரிந்தது.
மாசிலாமணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.
நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.
எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

உடைந்த கட்டிகள் மூன்றும்
புதன்கிழமையே குப்பை லாரியில் போயின.
ஸ்டோர் ரெஜிஸ்டரில்
'அகற்றப்பட்டது' என்ற சொல்லுக்கு எதிரே
என் கையெழுத்து.
தேதியும் போட்டிருக்கிறேன்.