இருபத்தேழாம் நாற்காலி

பலகையில் சமுதாய நல மையம்.
எங்கள் வாயில் சென்டர்.
பக்கத்து பிளாக் இந்திக்காரர்களுக்கு
மதராசி கம்ரா.
எப்படிக் கூப்பிட்டாலும்
பத்துக்குப் பன்னிரண்டு அடிதான்,
திரிலோக்புரிச் சாக்கடை ஓரம்.
ஷட்டர் பாதிதான் ஏறும்.
மீதிக்கு ஆட்கள் குனிந்துகொள்வார்கள்.

சாவி என்னிடம்.
மூன்று வீட்டுப் பாத்திரம் முடித்துப்
பதினொன்றரைக்குத் திறப்பேன்.
அதற்கு முன்பே பாவாயி நிற்பாள்,
ரேஷன் அட்டையில் தன் பெயரைத் தொலைத்தவள்.
அவளுக்குப் பின்னால்
மஞ்சள் பைகள் வளைந்து போகும் தண்ணீர்க் குழாய் வரை.

படிவம் குடும்பப் பெயர் கேட்கும்.
நமக்கு ஏது அது?
இனிஷியலை நீட்டி
அப்பனை இழுத்துவந்து பின்னால் நிறுத்துவேன்.
இப்படித்தான் செத்துப்போன மாதப்பன்
பிள்ளை, பேரன், பேத்தி என்று
பதினோரு பேருக்குக் குடும்பப் பெயர் ஆனார்.
இருந்தபோது அவரை யாரும்
அவ்வளவு மதித்ததில்லை.

நாற்காலிகள் நாற்பது.
வீட்டுக்கு நூறு ரூபாய் பிரித்து வாங்கியது.
அடியில் நெயில்பாலிஷில் எண்.
எடுத்துப்போனால் நோட்டில் ஏற வேண்டும்:
யார், எத்தனை, எதற்கு.
காதுகுத்து. பெண் பார்க்க. சீட்டு ஏலம்.
ஷமீமா ஒருமுறை
“சும்மான்னு எழுதுங்க” என்றாள்.
துபாயிலிருந்து அண்ணன் வருகிறான்,
நாற்காலி இருக்கிற வீடுபோல் இருக்கட்டுமாம்.
எழுதினேன். மூன்று. சும்மா.

ஜனவரி. ராத்திரி இரண்டு மணி.
தெருவிளக்கை விழுங்கிய மூடுபனியில்
இருசாயி கதவைத் தட்டினாள்.
“அக்கா, சாவி எடு. அவரு போயிட்டாரு.”
“எத்தனை வேணும்?” என்று கேட்டுவிட்டேன்.
வேறு ஏதாவது முதலில் கேட்டிருக்கலாம்.
“பத்து போதும். அவருக்கு
அவ்வளவு பேரைத் தெரியாது.”

விடிவதற்குள் நாற்பதும் போயிற்று.
போதாமல் பிஹாரிப் பையன்கள்
ரிக்‌ஷாக்களைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள்.
நோட்டைத் திறந்து
‘எதற்கு’ கட்டத்தை வெறுமனே விட்டேன்.

பத்து மணிக்குக் காரில் வந்தாள்
இருசாயி சமைக்கிற மயூர் விஹார் வீட்டு மேடம்.
யாரோ எழுந்து இடம் விட்டார்கள்.
அது இருபத்தேழு. பின்கால் விரிசல்.
பதினாறு வருசமாய் அந்த வீட்டு
பால்கனித் தரையில் டீ குடிக்கிற இருசாயி
மாரில் அடித்த கையை நிறுத்தி
“மேடம்ஜி, அதில் வேண்டாம்,
கால் உடைஞ்சது” என்று
இந்தியில் சொல்லிவிட்டு
விட்ட இடத்திலிருந்து
தமிழில் அழுதாள்.

மேடம் நின்றுகொண்டே இருந்தாள்,
எடுக்கும் வரை.

காரியம் கழிந்து திரும்பி வந்தது
முப்பத்தொன்பது.
தேடவில்லை. வழியில் கண்ணில் பட்டது.
இருசாயி வாசலில் இருபத்தேழு,
உடைந்த காலுக்கு அவர் லுங்கியைக் கிழித்துக் கட்டு.
அதில் சாய்ந்து அவள்.
கையில் டீ, ஆடை கட்டிப்போய்.
என்னைப் பார்த்து எழப் போனாள்.
நான் குனிந்து
அறுந்துபோகாத செருப்பைச் சரிசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கணக்கு.
நல்லதம்பி அண்ணன் இரண்டு முறை எண்ணினார்.
“ஒண்ணு குறையுதே.”
“நான் உக்காந்திருக்கனே” என்றேன்
டிரங்குப் பெட்டி மேலிருந்து,
புடவையை இழுத்து விட்டுக்கொண்டு.
அவர் என்னைப் பார்த்தார்.
பெட்டியின் பூட்டைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
பிறகு நாற்பது என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.

வரும் வெள்ளி
பாவாயி பேத்திக்கு நிச்சயதார்த்தம்.
நாற்பதும் வேண்டுமாம், குறையக் கூடாதாம்.
இருசாயியிடம்தான்
ஒன்று இரவல் கேட்க வேண்டும்.