நாலு பாகம் கீழே

கரையில் வலிக்காது.
அதைத்தான் யாரும் நம்பவில்லை.
பழைய சோறும் கருவாடும் அதே பல்லால்தான் மெல்லுவேன்,
பூனைக்குட்டி மாதிரி சும்மா கிடக்கும்.
குறும்பனைப் பாறைக்கு மேலே வள்ளத்தை நிறுத்தி
கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்துத் தலைகீழாக இறங்கினால்
ஒரு பாகம், ஒன்றுமில்லை.
இரண்டு, ஒன்றுமில்லை.
மூன்றில் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதினால் திறக்கும்.
நாலாம் பாகத்தில்
யாரோ கடைவாய்க்குள் உளியை வைத்து அடிப்பார்கள்.

சிப்பி ஆறு பாகத்தில் இருக்கிறது.

ஒன்பது நாள் வெறும் வலைப்பையோடு ஏறி வந்தேன்.
டெல்பின் கிராம்பு தந்தாள்.
"சவம், கொஞ்சம் புகையிலை அடக்கு" என்றான் கிளீட்டஸ்.
கடலுக்கு உன்மேல் ஏதோ கோபம் என்று ஒருவன் சொல்ல
கோயிலில் மெழுகுதிரியும் ஏற்றிப் பார்த்தேன்.
மாதாவின் முன்னால் நின்றபோது பல் வலிக்கவே இல்லை.
அதுவும் கரைதானே.

பத்தாம் நாள் கருங்கலுக்கு பஸ் ஏறினேன்.

சாய்கிற நாற்காலி. கண்ணுக்கு மேலே விளக்கு.
டாக்டர் ஷைஜா, என் தங்கச்சி வயது,
நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.
"சொத்தைக்குள்ள துளி காத்து மாட்டியிருக்கு அண்ணே.
நீங்க இறங்க இறங்கக் கடல் அதை நெருக்கும்.
அதுக்கு வெளியே போக வழியில்லை."
ஒன்பது நாளில் முதல்முறையாக
யாரோ என்னோடு நாலு பாகம் கீழே வந்தார்கள்.

குழியைத் தோண்டி அடைத்தாள். எழுந்தேன்.
"இருங்க" என்றாள்.
"ஈறிலே ரத்தம் வருமா?"
வரும். எல்லாருக்கும் வரும்தானே?
"சுகர் உண்டா?"
உண்டு. குளச்சலில் மாத்திரையை ரெண்டு தடவை கூட்டியாச்சு,
இறங்க மாட்டேன் என்கிறது.
அவள் ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் தந்து
உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது.
கொட்டலசு.
வள்ளத்து அடியில் பிடிக்கிற அதே கொட்டலசு,
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே, மஞ்சளாக.
வருஷத்துக்கு ரெண்டு தடவை வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துச்
சுரண்டி, கழுவி, எண்ணெய் பூசுகிறவன் நான்.
விட்டால் கனக்கும், பலகை இத்துப்போகும் என்று
கிளீட்டஸோடு சண்டை போடுகிறவன்.
நாற்பத்திமூணு வருஷமாக இந்த வாயை
ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

அவள் சுரண்டினாள்.
பாறையில் என் உளி எழுப்பும் சத்தம்
என் தலைக்குள்ளே கேட்டது.
பாறைக்கு இப்படித்தான் இருக்குமோ?
துப்பிய தண்ணீர் செக்கச்செவேல்.

"ஈறு புண்ணா இருந்தா சுகர் இறங்க மடிக்கும்.
சுகர் ஏறினா ஈறு ஆறாது."
புரிந்தது. ஒரு வள்ளம், இரண்டு துடுப்பு,
ஒன்று பின்னால் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றவேண்டியதுதான்.
"ராத்திரி தேய்ப்பியளா?"
ராத்திரியா? ராத்திரி யார் பார்க்கப்போகிறார்கள்?
"தேய்க்கணும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க வரணும்."
வள்ளத்துக்கும் அதே கணக்குதான், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கூடைச் சிப்பிக் காசு ஆயிற்று.
டெல்பினிடம் இரண்டு என்றேன்.

மூன்று மாதம் கழித்துக் குளச்சலில் ரத்தம் கொடுத்தேன்.
அதிசயம் ஒன்றுமில்லை.
மாத்திரை நிற்கவில்லை, டீக்குச் சீனி திரும்பி வரவில்லை.
எண் கொஞ்சம் இறங்கியிருந்தது,
ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து
கடலைப் பார்த்து நின்று தேய்க்கிறேன்.
தூரத்தில் முட்டம் கலங்கரை விளக்கு சுற்றி வந்து
நுரை தள்ளிய வாயை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறது.

நேற்று கிளீட்டஸ் பாதியில் ஏறி வந்தான்.
வலைப்பை காலி.
வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு
உள்ளங்கையால் கன்னத்தை அழுத்தினான்.
மற்ற கை புகையிலைப் பொட்டலத்தைத் தேடியது.
நான் ஒன்று மட்டும் கேட்டேன்:
"எத்தனையாவது பாகத்திலே?"