மஞ்சள் சிவக்கும் வரை

கருங்கல் சந்தையில் நேந்திரன் வறுக்கும்
எட்வின் கடையிலிருந்து
வெள்ளிதோறும் இரண்டு டின் வரும்.
பலமுறை கொதித்த தேங்காயெண்ணெய்,
அடியில் கருகிய சிப்ஸ் துண்டுகள்.
பழைய வேட்டியில் வடிகட்டுவேன்.
வேட்டி, ஆன்றோஸின் கல்யாண வேட்டி.
அவனுக்கு இன்னும் தெரியாது.

குறும்பனையில் எங்கள் வீட்டுப் பின்புறம்
நீல டிரம் ஒன்று,
மீன் ஏலக்காரர் கழித்துவிட்ட தராசு ஒன்று.
வேதியியல் படித்துப் பதினோரு வருடம்.
படித்ததை இதுவரை
ஆப்பத்துக்குச் சோடா போடும்போது மட்டும்
தொட்டிருந்தேன்.

டீசல் விலை ஏறிய மாதம்
வள்ளம் நான்கு நாள் கரையில் கிடந்தது.
அப்போதுதான் நோட்டில் எழுதினேன்:
லிட்டருக்கு இருநூறு மில்லி மெத்தனால்.
காஸ்டிக் சோடா எவ்வளவு?
அதை எண்ணெய்தான் சொல்ல வேண்டும்.

நிறம் காட்டும் மருந்து இல்லை.
அடுக்களையில் மஞ்சள் இருந்தது.
எண்ணெயின் புளிப்பு தீரும் வரை
மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்;
தீர்ந்த துளியில்
வெற்றிலை போட்ட வாயாய்ச் சிவக்கும்.
துளிகளை எண்ணினேன்.
ஜெபமாலை மணியைக்கூட
இத்தனை கவனமாய் நான் எண்ணியதில்லை.

முதல் டிரம் சோப்பாகிப் போனது.
குலசேகரத்திலிருந்து அவன் சாக்கில் கொண்டுவந்து
ஆட்டிய ரப்பர் கொட்டை எண்ணெய்.
புளிப்பு அதிகம். பார்க்காதது என் பிழை.
துடுப்பு விட்டுக் கிளறினால்
துடுப்பு தானாக நின்றது.
நாத்தனார் செலின் ரோஸ் எட்டிப் பார்த்து,
"வள்ளத்தக் குளுப்பாட்டவா மைனி?" என்றாள்.
மூன்று மாதம் அந்தச் சோப்பில்தான்
அவள் பிள்ளைகளின் யூனிபார்ம் வெளுத்தது.

மெத்தனால் கேனில் சிவப்புப் பெயின்டில் எழுதினேன்: விஷம்.
மறுநாள் சேர்த்தேன்: குடித்தால் கண் போகும்.
அதற்கும் மறுநாள்
மாமனாரின் தம்பி பக்கத்தில் நின்று
மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து
பூட்டு வாங்கினேன்.
போலீஸ் வந்தது வேறு கதை.
சாராயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஏட்டு எண்ணெய் டின்னில் குனிந்தார்.
"சார், அது எஞ்சினுக்கு" என்றேன்.
நீளமாக முகர்ந்துவிட்டு,
"பசிக்குது" என்றார்.

மூன்றாவது டிரம் தெளிந்தது.
அடியில் கருப்பட்டிப் பாகாய்க் கிளிசரின்,
மேலே இளநீருக்கும் தேனுக்கும் நடுவே ஒரு நிறம்.
மும்முறை நீரில் கழுவி, வெயிலில் ஈரம் போக்கி
அவன் கையில் கொடுத்தேன்.
எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.
புகையெல்லாம் சிப்ஸ் வாசம்.
முட்டம் வரை அவன் வள்ளத்தை
மற்ற வள்ளங்கள் வாயூறத் தொடர்ந்தன என்று
கரையில் பேச்சு.

ஒன்பதாம் நாள்
எல்லா வள்ளமும் வந்தது. அவன் வரவில்லை.
போன் அடித்தது, அடித்தது,
பிறகு அடிக்கவும் இல்லை.
நோட்டைத் திறந்து
என் கையெழுத்துக்குள்
அவனைக் கொன்ற எண்ணைத் தேடினேன்.
ஒரு மூன்று எட்டாகத் தெரிந்தது.
செலின் ரோஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
கேலி ஒன்றும் செய்யவில்லை.
அதில்தான் எனக்கு உயிர் போனது.

கோயில் விளக்கு எரிந்த பிறகு வந்தான்,
இன்னொருவர் வள்ளத்தின் கயிற்றில்.
சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்
ஃபில்டரை வைத்தான். தார்க் கறுப்பு.
"உனக்க எண்ணெயில குத்தம் இல்ல.
டாங்குச் சுவருல பதினாலு வருசத்து டீசல்
ஒட்டிக் கெடந்திருக்கு.
அத உனக்க எண்ணெய் தேய்ச்சுக் கழுவி
எஞ்சினுக்க வாயில ஊட்டியாச்சு."

சிரித்தேன், அழுகை நிற்காமலே.
அன்று ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம்.
மீட்டுவிட்டதாகச் சொன்ன என் சங்கிலி
இன்னும் அடகில்தான் இருக்கிறது என்றான்.
வேட்டியைப் பற்றி
நானும் சொன்னேன்.

இப்போது வள்ளத்தில் உபரியாக நான்கு ஃபில்டர்.
கழற்றும் ஒவ்வொன்றிலும் கறுப்பு குறைகிறது.
எட்வின் இன்று அனுப்பியது
மரச்சீனி வறுத்த எண்ணெய்.
பதினேழு துளி விட்டாயிற்று,
மஞ்சள் இன்னும் மஞ்சள்.
வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.
இருங்கள்,
பதினெட்டு.