கொளுக்கி

எங்கள் கோயில் மணி ஒரு செல் கோது.
இரணைப்பாலைக்குத் திரும்பி வந்த வருசம்
பற்றைக்குள் வெறுமையாய்க் கிடந்ததைச்
சந்தியோகு இழுத்து வந்து பாலைமரத்தில் கட்டினான்.
பித்தளைதான். நல்ல சத்தம்.
அடிக்கிற ஒவ்வொரு தரமும்
என் தலை ஒருக்கால் குனியும்.
பக்தியில் இல்லை, பழக்கத்தில்.

அந்த ஞாயிறு வாசகம் எனக்கு விழுந்தது.
அன்பைப் பற்றியது.
கலியாணப் பூசைகளில் வாசித்து வாசித்து
ஓரம் பழுப்பேறிய பக்கம்.
ஒரு சொல் தடக்காமல் வாசித்தேன்.
மூன்றாம் வாங்கில் எமரேன்சி இருந்தாள்.
சமாதானம் சொல்லும் நேரம்
அவளை விட்டுவிட்டு
மற்ற எல்லாருக்கும் கை நீட்டினேன்.
பதினைந்து வருசமாய் அப்படித்தான்.
ஆண்டவருக்கும் பழகிப்போயிருக்கும்.

காரணம் சொன்னால் சின்னதாய்த் தெரியும்.
கடைசி மாதம். கடற்கரை மணல். தறப்பாள்.
அவளிடம் இரண்டு கிலோ அரிசி இருந்தது.
என்னிடம் மூன்றரைப் பவுண் சங்கிலி இருந்தது.
'கழற்று' என்றாள்.
ஒரு மிடறு தண்ணி குடிக்கிற நேரம் யோசித்தேன்.
குடிக்கத் தண்ணியும் இல்லை.

அந்த அரிசிக் கஞ்சியில் தப்பின சின்னவன்
இன்றைக்கு விசுவமடுவில்
உழவுமெசின் ஓட்டுகிறான்.
அதையும் சொல்லவேணும்.
சொல்லாமல்தான் இருந்தேன்,
பாவசங்கீர்த்தனத்தில்கூட.

இந்த மாசி அவளுக்கு இரண்டு கிட்னியும் நின்றது.
மகள் குவைத்தில்.
'கூடப் போக ஒராள் வேணும்' என்று
பூசை முடிவில் சுவாமி அறிவித்தார்.
எல்லாரும் செருப்புத் தேடினார்கள்.
நானும் தேடினேன்.
என்னுடையது அவளுடையதன் மேலே ஏறிக் கிடந்தது.

விடிய ஐந்து மணிக்குச் சந்தியில் நின்றோம்.
அன்பு வரும் என்று பார்த்தேன்,
வாசித்தவள்தானே.
அன்பு வரவில்லை.
வவுனியா பஸ் வந்தது.
அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
யன்னல் பக்கம் விட்டது
சத்தி வரும் என்று அவள் சொன்னபடியால்.

ஆஸ்பத்திரியில் துண்டு நிரப்பிய நேர்ஸ் பிள்ளை
'நோயாளிக்கு என்ன உறவு?' என்றாள்.
'அயல்' என்றேன்.
'அப்படி ஒரு கட்டம் இல்லை, அம்மா.'
சகோதரி என்பதற்குச் சரி போட்டாள்.
திருத்தச் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நீளம்.

பிறகு, கழுத்தில் குழாய் போடவேணும்,
நகை இருந்தால் கழற்றுங்கோ என்றார்கள்.
எமரேன்சி சட்டைக்குள் கைவிட்டு
அதை வெளியே எடுத்தாள்.
அடகுக்கடைக்கு எத்தனை தரம் போய் வந்ததோ.
என் முகத்தைப் பார்க்காமல்
உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிவிட்டாள்.
கதவு சாத்திக்கொண்டது.

நாலு மணித்தியாலம்.
பொத்திய கைக்குள் பவுண் வியர்த்தது.
வாசலில் ஓட்டோக்கள் நின்றன.
புதுக்குடியிருப்புப் பஸ் ஒன்று
வந்து, நின்று, போனது.
அவள் கழுத்துச் சூடு ஆறிவிட்டதா என்று
திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.
செபமாலை எடுத்து வரவில்லை.
சங்கிலி வளையங்களை ஒவ்வொன்றாய்த் தள்ளித்தள்ளி
அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன்,
யாருக்காக என்று சொல்லாமல்.
எண்ணிக்கை எங்கேயோ பிழைத்துப்போனது.

சாம்பல் நிறத்தில் வெளியே கொண்டுவந்தார்கள்.
கழுத்தில் கட்டு.
சங்கிலியை அவள் மணிக்கட்டில்
இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
கொளுக்கி இன்னும் அதே இளக்கம்.
பல்லால் கடித்துத்தான் இறுக்கவேணும்.
அவளுடைய கையைப் பிடித்துக் குனிந்தேன்.
பார்த்தவர்கள்
கையை முத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.
டெற்றோல் மணம். உப்பு.

'கழன்று விழும், கவனம்' என்றேன்.
'தெரியும்' என்றாள்.

வியாழனும் வரவேணுமாம்.