பிழைத்தவை

பட்டி சுரங்கக் காட்டின் ஒன்பதாவது கட்டத்தில்
காலை ஆறுக்கே எண்ணத் தொடங்கிவிட்டோம்.
ரோஹ்தாஸ் கம்பால் தொட்டுச் சொல்வார்:
ஹை. நஹி. நஹி. ஹை.
நான் கோடு போடுவேன்,
நாலுக்குக் குறுக்கே ஐந்தாவது.

படிவத்தில் மூன்று பத்தி.
இந்தியில்தான் அச்சு. எனக்குள் தமிழில் விழும்:
நட்டவை. பட்டவை. பிழைத்தவை.

நட்டவை ஆயிரத்து இருநூறு.
புரசு, கருங்காலி, இலந்தை,
அப்புறம் தௌ: நம்மூர் வெக்காலிக்குத் தங்கை முறை.
பாறை இடுக்கில் வேர்விட்டு
பத்து வருஷம் முழங்கால் உயரத்தில்
முறைத்துக்கொண்டே நிற்கும்.

மேலே கூரையாக விலாயதி கீக்கர்.
பெயர்தான் வேறு.
சாயல்குடிக் கண்மாயைக் குடித்த அதே சீமைக்கருவேலம்.
அதை மூட்டம் போட்டு விற்ற கரியில்தான்
அப்பா என் வனவியல் படிப்புக்குப் பணம் கட்டினார்.
துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னதில்லை.
அங்கே வேரோடு பிடுங்கு என்பார் ஒருவர்,
ஒரு சுள்ளியும் தொடாதே என்பார் இன்னொருவர்,
நடுவில் தேநீர் ஆறிப்போகும்.

இங்கே நாங்கள் செய்வது இவ்வளவுதான்:
கீழ்க்கிளைகளைக் கழித்து
வெயில் இறங்க ஒரு சந்து.
முழுக்கத் திறந்தால் மே மாதம் கன்றை வறுத்துவிடும்.
முழுக்க மூடினால்
கன்று வளர மறந்துவிடும்.

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.
போன அறிக்கையில் எண்பத்தேழு சதவீதம்.
என் கோடுகள் முப்பத்துநாலைத் தாண்டவில்லை.
நீல்காய் மேய்ந்தது பாதி.
மீதியை மேய்ந்தது பதிவேடு:
மே மாதத்தில் பத்தொன்பது நாள்
தண்ணீர் லாரி காகிதத்தில் மட்டும் வந்துபோயிருக்கிறது.
அந்த நாட்களில் கும்லாக்காரி ஃபூல்மணி
தன் குடிதண்ணீர்க் கேனைத் திறந்து
கன்றுக்கு ஒரு மூடி ஊற்றினாளாம்.
எந்த வரிசைக்கு என்றேன்.
"நிழல் பக்கத்து வரிசைக்கு.
எனக்கும் கால் சுடுமில்லையா?"

எல்லைக்கல் நாற்பத்துமூன்றைத் தேடிப் போனோம்.
ஒரு பண்ணைவீட்டு மதிலுக்கு உள்ளே நிற்கிறது,
வெள்ளையடித்து, தலையில் விளக்கு வைத்து.
சுற்றிலும் புல்வெளி.
குழாய் சுற்றிச் சுற்றித் தெளிக்கிறது.
அங்கே புல் நூறு சதவீதம் பிழைத்திருக்கிறது.

மாதுர் சார் போனில் சிரித்தார்.
மறுபடி எண்ணுங்கள், ஏதோ கல்தி இருக்கும்.
கல்தி என்றால் பிழை.
உயிரோடு மிஞ்சினாலும் பிழைத்தது,
தவறிப்போனாலும் பிழைத்தது.
எந்தப் பத்தியில் எதைப் போட?

அப்போதுதான் ஃபூல்மணி
ரோஹ்தாஸ் நஹி சொன்ன ஒரு குச்சியின் அருகே குந்தி
கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினாள்.
உள்ளே பச்சை.
அடுத்தது. பச்சை.
அடுத்தது முறிந்து வெறும் விறகு.
அடுத்தது, ரொம்ப நேரம் பார்த்து,
பச்சை.
ரோஹ்தாஸ் கம்பைக் கீழே வைத்துவிட்டுத்
தானும் குந்தினார்.

நாலு மணிக்கு நாற்பத்தொன்று ஆயிற்று.
அவற்றைப் பிழைத்தவையில் ஏற்றினால்
மாதுர் சாருக்குச் சந்தோஷம்.
அடுத்த வருஷம் கீறிப் பார்க்காமலே
எல்லாக் குச்சியும் பச்சை என்பார்.
விட்டுவிட்டால்,
செத்ததென்று எழுதிய இடத்துக்கு
யார் தண்ணீர் அனுப்புவார்கள்?

முப்பத்துநாலை அழிக்கவில்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே எழுதினேன்:
நாற்பத்தொன்று. நகம் பட்ட இடத்தில் பச்சை.
மழைக்குப் பின் பார்க்கவும்.
கீழே, பேனாவால்: லாரி, பத்தொன்பது நாள்.
கையெழுத்துக்கு இடம் போதவில்லை,
பின்பக்கம் போட்டேன்.

இறங்கும்போது
ஃபூல்மணி தலையில் கழித்த கீக்கர் ஒரு கட்டு.
காப்புக்காட்டிலிருந்து விறகு எடுப்பது குற்றம்.
ரோஹ்தாஸ் எதிர்ப்பக்கம் ஒரு மயிலைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
மயில் எதுவும் இல்லை.
நானும் பார்த்தேன்.